கோல் எம்லின்

1989 மார்ச் 8, புதன்கிழமை, ரெக்ஸம். வேல்ஸ் 1, நார்வே 0. கோல்: எம்லின் பியூ, 83ஆவது நிமிடம். பார்வையாளர்கள் 6,214 பேர்.

எம்லினுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. நடுக்களத்தில் ஆடுபவர். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிக்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் கெட்டிக்காரனிடம் கொடுக்க வேண்டும், திரும்பவும் பறிக்க ஓட வேண்டும். இதற்காக யாரும் கை தட்டுவதில்லை. வேல்ஸ் அணிக்காக இதை முப்பத்து நான்கு ஆட்டங்களில் செய்தார். கோல் என்று அடித்தது ரெக்ஸமில் அந்த ஒன்றுதான்.

அவருடைய ஊர் பென்கரெக், மலையடிவாரத்தில் ஸ்லேட் கல் வெட்டும் குவாரியை நம்பி எழும்பிய ஊர். அங்கே பியூ குடும்பங்கள் பதினொன்று இருந்தன. எம்லின் பியூ என்ற பெயரில் மட்டும் நான்கு பேர். அதனால் ஊர் யாரையும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தொழிலோ, பண்ணையின் பெயரோ, என்றோ ஒருநாள் செய்த காரியமோ பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது கல்லறைக் கல் வரைக்கும் போகும். 1957இல் ஊரிலேயே முதல் ஆளாகக் குளியல் தொட்டி வாங்கிய வில், சாகும்வரை தொட்டி வில். அவர் பேத்தி லண்டனில் வக்கீல். ஊருக்கு வந்து பேருந்தை விட்டு இறங்கியதும் அவளும் தொட்டி அங்காரட்தான்.

எம்லினுக்கு மார்ச் 9 காலையில் பெயர் வைத்தார்கள். முடிவெட்டும் கடையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு மூன்று பேர் பேசி முடித்த பெயர். கோல் எம்லின். அதற்குப் பிறகு முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் வேறு எதுவாகவும் இருந்ததில்லை. ஆட்டத்தை விட்டபின் இருபது வருஷம் பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும் டாங்கர் லாரி ஓட்டினார். அப்போதும் லாரி வாசலில் நின்றால் வீட்டுக்குள்ளிருந்து, "கோல் வந்தாச்சு, கேட்டைத் திற" என்றுதான் குரல் வரும்.

அந்தக் கோலைப் பற்றி அவர் சொல்லும் கதை ஒன்று உண்டு. நூறு விருந்துகளிலாவது சொல்லியிருப்பார். ஆட்டம் முடிந்து அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அதிகாரி ஒருவர் காகிதமும் பேனாவுமாக உடைமாற்றும் அறைக்கு வந்தாராம். கோல் பியூவுடையதுதானே, கூட்டத்தில் சரியாகத் தெரியவில்லை என்று கேட்டாராம். வாசலருகே உட்கார்ந்து பூட்ஸ் கயிறை அவிழ்த்துக்கொண்டிருந்த தடுப்பாட்டக்காரன் ஹெவின் மோரிஸ் தலையைத் தூக்கி, "வேற யாரோடது? அந்த அடியை நீங்க பாக்கலையா?" என்று அதட்டினானாம். அதிகாரி எழுதிக்கொண்டு போய்விட்டார். ஹெவினின் நல்ல மனசுக்கு எம்லின் சொல்லும் உதாரணம் அது. கதையின் முழு அர்த்தம் அவருக்கே தெரியாமல் இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

பென்கரெக் கால்பந்து கிளப்புக்கு 2024இல் நூறு வயதானது. மார்ச் 16, சனிக்கிழமை மதியம் விருந்து. அன்றைக்குக் கிளப் வாசலில் ஸ்லேட் கல் ஒன்று பதிப்பது. அதில் எம்லினின் பெயர், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை, கோலின் எண்ணிக்கை. இவ்வளவும் கமிட்டியில் முன்மொழிந்து, வழிமொழிந்து, கை தூக்கி முடிவானது. சேப்பல் என்கிற ஊர்த் தேவாலயத்திலிருந்து வந்த பழக்கம். பென்கரெக்கில் புது வாளி வாங்குவதானாலும் ஒருவர் முன்மொழிய வேண்டும், ஒருவர் வழிமொழிய வேண்டும், மற்றவர்கள் கை தூக்க வேண்டும். கல் செதுக்கும் கிட்டோவிடம் வேலை போயிற்று.

விருந்துக்கு ஒன்பது நாள் முன்பு, வியாழக்கிழமை மாலை, கிளப் செயலாளர் தில்வின் மடிக்கணினியோடு எம்லின் வீட்டுக்கு வந்தார். தில்வின் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எடுத்ததை விடாத மனிதர்.

"இதை இங்க யாருமே பாத்ததில்ல," என்று சமையலறை மேஜையில் இடம் ஒதுக்கினார். "பெர்கன்ல ஒருத்தர், நார்வே டி.வி.யில இருந்து ரிட்டயர் ஆனவர். அன்னிக்கு கோலுக்குப் பின்னாடி கேமரா வெச்சிருந்திருக்கார். ரெண்டு வருஷமா லெட்டர் போட்டு வாங்கியிருக்கேன். விருந்துல பெரிய திரையில போடறோம்."

எம்லினின் மனைவி நெரிஸ் குறுக்கெழுத்தை மூடி வைத்துவிட்டு வந்து நின்றாள். அதுவரை ஊர் பார்த்திருந்தது ஒரே படம்தான். பக்கவாட்டிலிருந்து எடுத்தது, கண்ணாடியில் மழைத்துளி வழிந்தது. எம்லின் கால் வீசுவது தெரியும். பிறகு கால்களின் காடு. பிறகு வலை உப்பும். அவ்வளவுதான்.

இந்தப் படம் வேறு மாதிரி இருந்தது. கார்னர் பந்து வருகிறது. நார்வேக்காரன் ஒருவன் தலையால் முட்டி வெளியே தள்ளுகிறான். இருபது கஜம் தள்ளி நிற்கும் எம்லினிடம் பந்து துள்ளி வருகிறது. அடிக்கிறார். பந்து கேமராவை நோக்கி வளர்ந்துகொண்டே வந்து வலையில் மோதுகிறது.

"எவ்வளவு அழகு," என்றார் தில்வின்.

எம்லின் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு மூன்றாவது தடவை. பறிப்பதையே தொழிலாகச் செய்தவர்கள் பந்தைப் பார்க்கும் விதம் வேறு. பந்து எங்கே இருக்கிறது என்று பார்க்க மாட்டார்கள், எங்கே போகப்போகிறது என்று பார்ப்பார்கள். தன் அடி எங்கே போய்க்கொண்டிருந்தது என்று எம்லினுக்கு மூன்றாவது தடவையில் தெரிந்துவிட்டது. வலது கம்பத்துக்கு இரண்டடி வெளியே. கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேற்றில் சரிந்துகொண்டிருந்த ஒருவனின் இடது குதிகால் பின்னால் தெறித்தது. பந்து திரும்பியது. அந்தக் குதிகாலுக்கு மேலே இருந்த முதுகில் ஐந்து என்று எண். ஹெவின்.

தில்வின் டீயைக் குடித்துவிட்டு, படத்தின் பிரதி ஒன்றை எம்லினிடம் கொடுத்துவிட்டு, சந்தோஷமாகக் கிளம்பினார். அவர் எதையும் கவனிக்கவில்லை. கதவு சாத்தியதும் எம்லின் நெரிஸிடம் சொன்னார்.

"அது என் கோல் இல்ல."

நெரிஸ் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள். நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றினாள்.

"முப்பத்திரண்டு வருஷமா நான் கோல் எம்லினோட பெண்டாட்டி. இனிமே என்னை என்னன்னு கூப்பிடுவாங்களாம்?"

"விளையாடாதே."

"விளையாடல. தில்வினுக்குத் தெரியல. ஊருக்கும் தெரியாது. கல்லு வேற செதுக்கிட்டிருக்கான். நீ வாயைத் திறக்காட்டி யாருக்கு நஷ்டம்?"

ஹெவினுக்கு அது தெரியுமா என்பதுதான் எம்லின் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. குதிகாலில் பட்டது சேற்றில் சரிந்துகொண்டிருந்தவனுக்கு உறைக்காமல் போயிருக்கலாம். அப்படியானால் இது ஒரு தவறு, அவ்வளவுதான். தெரிந்திருந்தால் வேறு விஷயம்.

மறுநாள் காலை ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு லீன் தீபகற்பத்துக்குப் போனார். ஹெவினின் பண்ணை கடலைப் பார்த்த மேட்டில் இருந்தது. பெயர் ஹென்ட்ரே. அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவன் ஹென்ட்ரே ஹெவின். வேல்ஸுக்கு ஐந்து ஆட்டம் ஆடியவன். கோல் கிடையாது. நார்வே ஆட்டம்தான் அவனுடைய கடைசி. அந்த மே மாதமே, இருபத்தேழு வயதில், கால்பந்தை விட்டுவிட்டு ஆடு வளர்க்க வந்துவிட்டான். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது இருவரும் பார்த்துக்கொள்வது உண்டு. பெரும்பாலும் யாருடைய சவ அடக்கத்திலாவது.

மார்ச் மாதம் ஆடுகள் குட்டி போடும் காலம். ஹெவின் கொட்டகையில் மண்டியிட்டு, ஒரு பெட்டையாட்டின் உள்ளே முழங்கை வரை கையை விட்டிருந்தான்.

"வந்தவன் சும்மா நிக்காதே. அந்த வாளியை இங்க நகத்து."

எம்லின் வாளியை நகர்த்தினார். ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"நார்வே மேட்ச் வீடியோ ஒண்ணு வந்திருக்கு, ஹெவின். கோலுக்குப் பின்னாலேருந்து எடுத்தது."

"அப்படியா. எனக்கு எவ்வளவு முடி இருந்துச்சு பாத்தியா?"

"உன் குதிகாலைப் பாத்தேன்."

ஹெவின் ஆட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கையை மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தான். "எந்தக் குதிகால்?"

"இடது."

"அப்ப சரியாத்தான் பாத்திருக்கே."

குட்டியின் முன்னங்கால்கள் வெளியே வந்தன, பிறகு மூக்கு, பிறகு ஒரே வழுக்கலில் முழுசும். ஹெவின் வைக்கோலால் அதன் மூக்கைத் துடைத்து, தாயின் முகத்தருகே இழுத்துப் போட்டான். குட்டி தும்மியது. அதற்கப்புறம்தான் இவர் பக்கம் திரும்பினான்.

"உனக்கு அப்பவே தெரியுமா?" என்றார் எம்லின்.

"என் காலுடா அது. எனக்குத் தெரியாம பக்கத்து வீட்டுக்காரனுக்கா தெரியும்?"

"அந்த ஆபீசர் வந்து கேட்டப்ப..."

"நீ குளிச்சுக்கிட்டே பாட்டு பாடிட்டிருந்தே. கேக்க சகிக்கல." ஹெவின் வாளித் தண்ணீரில் கை கழுவினான். நேரம் எடுத்துக்கொண்டு கழுவினான். "எங்கப்பா பிப்ரவரியிலயே விழுந்துட்டார். வாய் கோணிப் போச்சு. சீசன் முடிஞ்சதும் இங்க வந்துடறதுன்னு நானும் எலுனெட்டும் பேசி முடிச்சாச்சு, வேற யாருக்கும் சொல்லல. அந்தக் கோலை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஆட்டுங்ககிட்ட காட்டறதா? உன் கதை எனக்குத் தெரியும். இதோட போதும், அடுத்த மேட்ச்சுக்கு லண்டன் பையனைப் பாக்கலாம்னு மேனேஜர் பேசினதை என் காதால கேட்டேன். அதான் சொன்னேன். ரெண்டு வார்த்தை. அதுக்கு இப்ப என்ன?"

எம்லின் அழுக்குத் தண்ணீர் வாளியை ஓரமாக நகர்த்தினார்.

"தவிர," என்று ஹெவின் துண்டை எடுத்தான், "குதிகால்ல பட்டுப் போச்சுன்னு சொல்லியிருந்தேன்னு வை, சாகற வரைக்கும் என்னைக் குதிகால் ஹெவின்னு கூப்பிட்டிருப்பானுங்க. உங்க ஊர்க்காரனுங்களை எனக்குத் தெரியாதா."

விருந்தில் எல்லோரிடமும் சொல்லிவிடப்போவதாக எம்லின் சொன்னார். ஹெவினின் முகம் மாறியது. சொன்னால் தொலைத்துவிடுவேன் என்றான். கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் பழக்கம் ஹென்ட்ரேயில் கிடையாது, விருந்துக்கும் தான் வரப்போவதில்லை, இன்னும் நாற்பது ஆடு பாக்கி இருக்கிறது என்றான். பிறகு, பேச்சு முடிந்தது என்கிற மாதிரி, "உள்ள போய் டீ குடி. இவ ரொட்டி வெச்சிருக்கா" என்றான்.

உள்ளே ஹெவினின் மனைவி எலுனெட் உலர்திராட்சை போட்ட ரொட்டியை அறுத்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மேஜை நடுவில் டீ பாத்திரம். சூடு ஆறாமலிருக்க அதன்மேல் எதையோ கவிழ்த்து மூடியிருந்தது. சிவப்பு வெல்வெட், நிறம் போய் செங்கல் மாதிரி ஆகியிருந்தது. குஞ்சம் அறுந்துபோயிருந்தது. எம்லின் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேசிய அணிக்கு ஆடினால் வேல்ஸ் கால்பந்துச் சங்கம் கொடுக்கும் தொப்பி. முன்பக்கத்தில் தங்க நூலில் ஆண்டும் எதிரணியின் பெயரும் பின்னியிருக்கும். டீக்கறைக்குக் கீழே 1989, நார்வே என்று படிக்க முடிந்தது. அதே தொப்பி எம்லின் வீட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

"இதையா வெச்சிருக்கே?" என்றார்.

"மிச்சம் நாலும் மாடியில டிரங்குப் பெட்டியில இருக்கு," என்றாள் எலுனெட். "பூச்சி உருண்டை போட்டு, பேப்பர் சுத்தி. இதையும் அதுலயே வெச்சேன். மறுநாளே எடுத்துட்டு வந்துட்டான். டீ ஆறிப் போகுதாம். கடையில நல்ல உறை விக்குது, வாங்கறேன்னா வேண்டாம்ங்கறான். காலையில எந்திரிச்சா இது கண்ணு முன்னால இருக்கணும் அவனுக்கு." ரொட்டித் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். "அவன் கொட்டகையில என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும், எம்லின். ஆட்டுக்கு எதுக்குக் கோலுன்னு சொல்லியிருப்பான்."

"சொன்னான்."

"எனக்கும் அதேதான் சொல்லுவான். முப்பத்தஞ்சு வருஷமா சொல்றான்."

எம்லின் இரண்டு துண்டு ரொட்டி தின்றார், டீ குடித்தார். டீ நன்றாகச் சூடாகத்தான் இருந்தது.

திரும்பும் வழியில் ஒரு மேட்டில் காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். நார்வே ஆட்டம் அவருக்கு ஆறாவது. அதற்குப் பிறகு இருபத்தெட்டு ஆட்டங்கள். அந்த மார்ச்சில் லங்காஷயரில் அவர் ஆடிக்கொண்டிருந்த கிளப் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று சொல்லியிருந்தது. ஏப்ரலில் மூன்று கிளப்புகள் கூப்பிட்டன. அதில் ஒன்றுக்குப் போனதால்தான் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுவிட்ட நெரிஸைப் பார்த்தார். அவளும் வேல்ஸ்காரி, பக்கத்துப் பள்ளத்தாக்கு. இதையெல்லாம் தன் உழைப்பு என்றுதான் நினைத்திருந்தார். உழைப்பும்தான். ஆனால் கதவைத் திறந்தது வேறொருவன் குதிகால்.

இதையெல்லாம்விட அவருடைய அப்பா. முப்பது வருஷம் குவாரியில் ஸ்லேட் உடைத்து நுரையீரல் முழுக்கத் தூசி. வீட்டை விட்டு வெளியே வர வெட்கப்படுவார், பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்ததால். அந்தக் கோலுக்குப் பிறகு தினமும் தானே கடைக்குப் போய்ச் செய்தித்தாள் வாங்க ஆரம்பித்தார். வழியெல்லாம் ஆட்கள் நிறுத்தி, கோல் எப்படி இருக்கான் என்று கேட்டார்கள். பேசுவதற்காக நிற்கிற மனிதன் மூச்சுக்காக நிற்கிறான் என்று யாருக்கும் தெரியாது. கடைசி இரண்டு வருஷமும் அப்படி நடந்துவிட்டுத்தான் போனார்.

எம்லினுக்கு அழுகை வரவில்லை. மனசு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். கொட்டகையில் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டோம் என்று தோன்றியது. சொல்லியிருந்தால் ஹெவின் இன்னொரு வாளியை நகர்த்தச் சொல்லியிருப்பான். வீட்டுக்குப் போனதும் நெரிஸிடம் தொப்பியைப் பற்றிச் சொன்னார்.

"சரி, சொல்லிடு," என்றாள். "ஆனா எனக்குப் பிடிக்கலைன்னு குறிச்சு வெச்சுக்கோ."

சனிக்கிழமை கிளப் அறையில் எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள். ஆட்டுக்கறியும் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸும் போட்ட சூப், ரொட்டி, பீர். வாசல் சுவரில் கல்லின்மேல் வேல்ஸின் சிவப்பு டிராகன் கொடி போர்த்தியிருந்தது. வாசகத்தைக் கமிட்டி கடைசியாக ஒருமுறை சரிபார்ப்பதற்கு முன்பே கிட்டோ செதுக்கி முடித்திருந்தான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே, இதில் சரிபார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டான். எலுனெட் ஹெவினைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆடுகளுக்குப் பிரசவம் பார்க்கப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆள் போட்டுவிட்டு, கார் சாவியையும் தானே வைத்துக்கொண்டாள் என்று பிறகு தெரிந்தது. அவன் கோட்டைக் கழற்றாமல் கடைசி மேஜையில் உட்கார்ந்திருந்தான்.

தில்வின் விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார். வலை உப்பியதும் அறையே தட்டியது. எம்லின் எழுந்து, திரும்பப் போடச் சொன்னார், இந்தத் தடவை மெதுவாக. பிறகு நிறுத்தச் சொன்ன இடத்தில் தில்வின் நிறுத்தினார். எம்லின் திரையருகே போய் விரலை வைத்தார்.

"இங்க பாருங்க. இது பந்து. இது கம்பம். இது ஹெவினோட குதிகால். வெளியில உள்ள கல்லுல முப்பத்து நாலு ஆட்டம்னு இருக்கு, அது என்னுது. ஒரு கோல்னு இருக்கு, அது என்னுது இல்ல. அந்த முப்பத்து நாலுலயும் இருபத்தெட்டு இவன் குடுத்தது. அன்னிக்கு ஆபீசர் கேட்டப்ப இவன் என்னோடதுன்னு சொன்னான். தெரிஞ்சே சொன்னான். இந்தக் கதையை உங்ககிட்ட தப்பா சொல்லிட்டு வந்திருக்கேன். இன்னிக்குத்தான் சரியா சொல்றேன்."

எல்லோரும் கழுத்தைத் திருப்பிக் கடைசி மேஜையைப் பார்த்தார்கள். ஹெவின் சூப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் வாயைத் திறந்தவர் டெக்வின். எண்பத்தொரு வயது, மாவட்ட லீக்கில் முப்பது வருஷம் நடுவராக இருந்தவர், ஊரில் விசில் டெக்வின்.

"அது ஹெவின் குதிகால்னா ஹெவின் ஆஃப்சைடு. அவனுக்கும் கோலுக்கும் நடுவுல கோல்கீப்பர் மட்டும்தானே. கோலே செல்லாது. ஆட்டம் சைபர் சைபர்."

அறையில் ஒரு முனகல் எழுந்தது. இதை எம்லின் யோசிக்கவே இல்லை. உரியவனிடம் சேர்க்க வந்த கோல் இருவருக்கும் இல்லாமல், வேல்ஸுக்கே இல்லாமல் போகப் பார்த்தது. தில்வின் படத்தைப் பின்னால் ஓட்டினார், எம்லினின் கால் பந்தைத் தொடும் கணம் வரைக்கும். டெக்வின் ஊன்றுகோலோடு எழுந்து வந்து, மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து, கோல் கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை படித்தார். யாரோ இருமினார்கள். இன்னொருவர் அவரை அடக்கினார்.

"இடது கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு நார்வேக்காரன் நிக்கிறான்," என்றார் கடைசியில். "மூணாம் நம்பர். கார்னருக்கு நின்னவன் நகரவே இல்ல, சோம்பேறி." நிமிர்ந்தார். "ஆன்சைடு. கோல் செல்லும்."

எழுபது பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். அப்படியானால் கோல் யாருடையது என்று முறைப்படி முடிவு செய்யவேண்டும் என்றார் தில்வின். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ரெக்ஸமில் நடந்து முடிந்த ஒன்றை பென்கரெக்கில் கை தூக்கி முடிவு செய்ய முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. கோல் ஹெவினுடையது என்று எம்லின் முன்மொழிந்தார். டெக்வின் வழிமொழிந்தார். தில்வின் மேஜை மேஜையாக எண்ணினார். ஆதரவாக அறுபத்து நான்கு கை. எதிராக மூன்று. ஒன்று ஹெவினுடையது. ஒன்று நெரிஸுடையது, சொன்ன வார்த்தையை அவள் காப்பாற்றினாள். மூன்றாவது கிட்டோவுடையது.

"ஸ்லேட்டுல அழிக்க முடியாது," என்றான் கிட்டோ பரிதாபமாக. "பென்சில்னு நினைச்சீங்களா?"

சிரிப்பு அடங்கியதும் ஹெவினைப் பேசச் சொன்னார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் மேஜையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எலுனெட் அவனைப் பார்க்காமல் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தில்வின்," என்றான், "அதை இன்னொரு தடவை போடேன். நான் சரியா பாக்கல."

தில்வின் போட்டார். பிறகு மறுபடியும் போட்டார். ஹெவின் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுப் பார்த்தான். எம்லின் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழாவது தடவைக்கு, "என் முடியைப் பாரு" என்றான் ஹெவின்.

கிட்டோ அடுத்த வாரம் கல்லின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் இன்னொரு வரி சேர்த்தான். மேலே எம்லின் பியூ, 34 ஆட்டங்கள், 1 கோல் என்று இருக்கிறது. கீழே, சிறிய எழுத்தில், அந்தக் கோலை அடித்தவர் ஹெவின் மோரிஸ், ஹென்ட்ரே என்று இருக்கிறது. பென்கரெக்கில் எம்லினை இன்றும் கோல் எம்லின் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதை மாற்ற யாரும் முன்மொழியவில்லை.

தில்வின் படத்தையும் வாக்கு எண்ணிக்கையையும் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். வாக்கு எண்ணிக்கை பற்றிப் பதில் எதுவும் வரவில்லை. பதிவு 2024 மே 21 அன்று திருத்தப்பட்டது. 1989 மார்ச் 8, ரெக்ஸம். வேல்ஸ் 1, நார்வே 0. கோல்: ஹெவின் மோரிஸ், 83ஆவது நிமிடம்.